மாஸ்டர் கிளாஸ்: பிள்ளையை மேடையில் உட்கார வைப்பதா, பின்வரிசையிலா?

கேள்வி: முலுண்டிலிருந்து ஓர் அம்மா, ஜூலை 2

மகளுக்குப் பதினான்கு வயது. ஏழு வருடமாகப் பியானோ கற்கிறாள். ஆகஸ்ட்டில் தென் மும்பையில் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் இளம் பியானோ மாணவர்களுக்கு மாஸ்டர் கிளாஸ் எடுக்கிறார். வீடியோ அனுப்பினோம், வாசிக்கத் தேர்வாகிவிட்டாள். நாற்பது நிமிடம் மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சுற்றி நூறு பேர் பார்ப்பார்கள். வேண்டாமென்றால் பார்வையாளராக உட்காரலாம், கட்டணம் கால்வாசிதான். டீச்சர் போகச் சொல்கிறார். மாமியார், "நாலு பேர் முன்னால திட்டு வாங்கப் பணமும் கட்டணுமா" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 3

பின்வரிசைதான். மாமியார் பேச்சைக் கேளுங்கள்.

இரண்டு வருடம் முன்னால் என் மகனை மேடையில் உட்கார வைத்துப் பட்டவன் நான். அப்போது அவனுக்கும் உங்கள் மகள் வயதுதான். கொண்டுபோனது, பாரிஸில் வாழ்ந்த அந்தக்கால இசை மேதை ஷோபானின் நாக்டர்ன் (இரவைப் பாடுகிற மாதிரி ஒரு மெதுவான பீஸ்), ஓபஸ் 9, அதாவது ஒன்பதாவது தொகுப்பில், எண் 2. பியானோ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் காலிங் பெல்லைவிட அதிகமாகக் கேட்கும் பீஸ். கிரேடு பரீட்சைக்கு வாசித்து நல்ல மதிப்பெண் வாங்கியது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பான். இதைவிடப் பத்திரமானது வேறில்லை என்று முடிவு செய்தவன் நான்தான்.

வகுப்பு எடுத்த அம்மையார் முதலில் முழுதும் வாசிக்க விட்டார். கைதட்டல். "அழகு" என்று ஒரு வார்த்தை சொன்னார். மிச்சமிருந்த முப்பத்தைந்து நிமிடத்தில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டம், தாண்டவில்லை. அதிலும் முதல் கால் மணி நேரம் இரண்டே இரண்டு ஸ்வரம். கட்டிய பணம் எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் இரண்டு மாதப் பராமரிப்புத் தொகை. ஸ்வரத்துக்கு ஒரு மாதம்.

பையன் சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து செம்பூர் வரை ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நாலு நாள் பியானோ மூடியைத் திறக்கவில்லை. இந்த வழக்கமே லிஸ்ட் என்ற அந்தக்காலப் பியானோ மேதை வயதான காலத்தில் காசு பார்க்க ஆரம்பித்ததுதானாம். நூற்றைம்பது வருடமாக அதற்கு நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 3, இரவு

ஒன்று விட்டுப்போனது. ஷூ.

நம் வீட்டில் யார் ஷூ போட்டுக்கொண்டு பியானோ வாசிக்கிறார்கள்? பையன் ஏழு வருடமும் வெறுங்காலில்தான் பெடல் மிதித்தான். அன்றைக்குத் தடிமனான அடி வைத்த புது ஷூ வாங்கி மாட்டிவிட்டேன். மேடை ஏறி உட்கார்ந்ததும் பெடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கையின் அடி ஸ்வரம் மாறும்போதெல்லாம் பெடலை விட்டு மறுபடியும் மிதிக்க வேண்டிய பீஸ் அது. பழைய ஒலி போகாமல் புதியதோடு கலந்து குழம்புச் சட்டியில் ரசம் ஊற்றிய மாதிரி ஆனது. பாதியில் அம்மையார் குனிந்து பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நூறு பேர்.

மெல்லிய அடி வைத்த பழைய ஷூ போதும். இன்றையிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யட்டும். சாக்ஸையும் பார்த்துவிடுங்கள்.

ஜூலை 6, ஞாயிறு

இங்கே படிக்கிற காட்கோபர் அண்ணன் ஒருவர் கேட்கிறார்: இரண்டு ஸ்வரத்துக்குக் கால் மணி நேரம் என்றால் அது பாடமா, நாடகமா? நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். இப்போது வேறொருவர் சொல்லும்போது அந்த அம்மையாருக்காகச் சண்டைக்குப் போகத் தோன்றுகிறது. ஏன் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த நாக்டர்ன் பி ஃப்ளாட் என்ற ஒற்றை ஸ்வரத்தில் தொடங்கும். அங்கிருந்து மேலே ஜி. நம் கணக்கில் சுருதி இரண்டரைக் கட்டை, கீழ்ப் பஞ்சமத்தில் எடுத்துக் காந்தாரத்துக்கு ஒரு தாவல். பையன் வாசித்தான். "பாடு" என்றார். இவன் திருதிருவென்று விழித்தான். மறுபடியும் "பாடு". பதினான்கு வயதுப் பையன், குரல் உடைகிற நேரம், எங்கே பாடுவான்? கடைசியில் அவரே கட்டைக் குரலில் பாடினார். மேல் ஸ்வரத்தை எட்டும்போது கழுத்து நிமிர்ந்து, கண் விரிந்து, கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. "உன் விரலுக்கு இது சுலபம். ஒரு கட்டை, இன்னொரு கட்டை. தொண்டைக்கு இது மலை. மலை எங்கே, எனக்குக் கேட்கவில்லையே" என்கிற மாதிரிச் சொன்னார்.

அப்புறம் பி ஃப்ளாட்டை அழுத்தி, கையை எடுக்காமல் கேட்கச் சொன்னார். பியானோவில் ஸ்வரம் அடித்த நொடியிலிருந்து தேய ஆரம்பித்துவிடும். வயலின் மாதிரி வில்லை இழுத்து அதை வளர்க்க முடியாது. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காது பிடித்தால்தான் அடுத்ததை எங்கே, எவ்வளவு கனமாக வைப்பது என்று கைக்குத் தெரியும். அடி, கேள், போ. அடி, கேள், போ. இப்படிக் கால் மணி நேரம். எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா மாட்டுங்காவில் முப்பது வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தவள், பியானோ என்றால் பெரிய ஆர்மோனியம் என்கிற அளவில்தான் பரிச்சயம். "ரெண்டு ஸ்வரத்துக்குக் கால் மணியா? பரவாயில்லையே. ஒரு வர்ணத்தை நாலு மாசம் வச்சிருந்தவடா நான்" என்றாள். அதோடு விடவில்லை. பேரனை வாசிக்கச் சொல்லித் தொடையில் தாளம் போட்டாள். ஒரு நிமிடத்தில் நிறுத்தி, "வலது கை பாடுறது சரி, அது இழுக்கட்டும். இடது கை ஏன் கூடவே இழுபடுது? பாட்டுக்காரன் எங்கே போனாலும் மிருதங்கம் வீட்டுல இருக்க வேண்டாமா?" என்றாள்.

எட்டு பாரில் மிச்ச நேரம் அந்த அம்மையார் செய்ததும் இதுதான்: வலது கையை மடியில் வைக்கச் சொல்லி, இடது கையை மட்டும் வாசிக்க விட்டார். இடது கைதான் வாத்தியக் குழுவை நடத்துகிறவர், அவர் தள்ளாடக் கூடாது என்று ஷோபானே மாணவர்களுக்குச் சொல்வாராம். அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரிஸ் போனதே இல்லை என் அம்மா. தாதர் தாண்டுவதற்கே யோசிப்பாள்.

இன்னொன்றும் அம்மாதான் கண்டுபிடித்தாள். அந்தப் பீஸில் முதல் அடியே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் நகாசு கூடிக்கொண்டே போகும். "அட, சங்கதி போடறாண்டா" என்றாள்.

ஜூலை 7

திருத்தம். லிஸ்ட் காசு பார்க்க ஆரம்பித்தார் என்று எழுதியிருந்தேன். தப்பு. ஒருவர் நன்றாகவே காதைத் திருகியிருக்கிறார். 1869 தொடங்கி 1886இல் சாகும்வரை லிஸ்ட் வருடா வருடம் வைமார் நகரில் தங்கி, வந்த பிள்ளைகளையெல்லாம் ஒரே அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்த செர்னியும் அவரிடம் வாங்கவில்லை. செர்னியின் குரு பீத்தோவன். குருகுலம் என்று நாம் மட்டும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

காசு பார்த்தது யார் என்று எனக்குத் தெரியும், ரசீது பீரோவில் இருக்கிறது.

ஜூலை 11

முலுண்டு அம்மா வீட்டில் டிஜிட்டல் பியானோதான் என்று இப்போதுதான் சொல்கிறார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் இருப்பது தாதரில் ஒரு பார்சிக் குடும்பம் வீடு மாறும்போது வாங்கிய பழைய அப்ரைட், நின்றுகொண்டிருக்கும் வகை. மேடையில் இருப்பது கிராண்ட், படுத்திருக்கும் வகை. உருவம்தான் வேறு என்று நினைத்துக்கொண்டு போனோம். உள்ளே நடக்கிற வேலையே வேறு. கிராண்டில் சுத்தியல் கீழிருந்து மேலே போய்த் தந்தியை அடித்துத் தன் கனத்திலேயே கீழே விழும். அப்ரைட்டில் அது நின்றவாக்கில் இருப்பதால் பின்னால் இழுக்க ஸ்பிரிங்கும் நாடாவும் வேண்டும். கிராண்டில் கட்டை முழுதாக மேலே வருவதற்குள் அதே ஸ்வரத்தை மறுபடியும் அடிக்கலாம். 1821இல் எரார் என்ற பாரிஸ்காரர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. எங்கள் அப்ரைட்டில் கட்டை பாதிக்கு மேல் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பையன் விரலில் ஏறியிருந்தது.

அதைவிட வேடிக்கை இடது பெடல். வீட்டில் அதை மிதித்தால் சுத்தியல்கள் தந்திக்குக் கிட்டே வரும், சத்தம் குறையும், அவ்வளவுதான். கிராண்டில் மிதித்ததும் கட்டைகள் மொத்தமும் ஒரு நூல் வலது பக்கம் நகர்ந்தன. மூன்று தந்தி உள்ள இடத்தில் சுத்தியல் இரண்டின் மேல் மட்டும் படுவதற்கான ஏற்பாடு. பையன் பூகம்பம் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது நான் இல்லை.

டிஜிட்டலில் வலது பெடல் சிலவற்றில் வெறும் சுவிட்ச் மாதிரி: உண்டு, இல்லை, இரண்டே நிலை. நிஜத்தில் பாதி, கால், அரைக்கால் என்று ஆயிரம் உண்டு. ஆகஸ்ட்டுக்குள் எங்கேயாவது மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு கிராண்ட் பிடித்து இரண்டு மூன்று தடவையாவது உட்கார வையுங்கள். டீச்சருக்குத் தெரிந்த இடம் இருக்கும். வீட்டில் டைனிங் நாற்காலியில் தலையணை போட்டு உட்காருகிறாளா? அதையும் விடுங்கள். அங்கே ஸ்டூலின் பக்கத்துக் குமிழைத் திருகி உயரத்தைச் சரிசெய்வதிலேயே பையனுக்கு இரண்டு நிமிடம் போனது. எந்தப் பக்கம் திருகுவது என்று எனக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கிவிடும், அதனால் ஜூனிலேயே டியூனரைக் கூப்பிடுவேன். பூச்சி அண்டாமல் இருக்க உள்ளே ஒரு பல்பு போட்டு வைத்திருக்கிறேன், மழை முழுக்க எரியும்.

ஜூலை 12

டியூனர் ஒருவரும் இங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மழையில் சுருதி இறங்காது, ஏறும். தந்திக்குப் பின்னால் அதிர்கிற பலகையான சவுண்ட்போர்டு ஈரத்தைக் குடித்து உப்பி மேலே எழும், தந்தி விறைக்கும். காற்று காய்ந்தால்தான் இறங்கும். ஜூனில் டியூன் செய்து பயனில்லை, மழை ஓய்ந்து காற்று ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்யுங்கள் என்கிறார். பல்பு பூச்சிக்கு இல்லை, அதன் சூட்டில் உள்ளே ஈரம் குறைவதற்கு.

அதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். போன வருடம் பழைய குண்டு பல்பு ஃப்யூஸ் ஆனதும் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நான் போட்டது எல்ஈடி. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ஒரு வருடமாகப் பியானோவுக்குள் தீபாவளி வெளிச்சம் மட்டும் நடந்திருக்கிறது. மேலே நாலு கட்டை ஒட்டிக்கொண்டு எழாததற்குப் பையனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசனை. ஜூலை 3இல் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுதும் இல்லை. ஷூ அப்படியே நிற்கிறது.

பையனிடம் முதல் தடவையாகக் கேட்டேன்: அன்றைக்கு உனக்கு என்னதான் ஆச்சு? இப்போது அவனுக்குப் பதினாறு, கேள்வி கேட்டால் தோளைக் குலுக்குகிற வயசு. ஆனால் எழுந்துபோய் அந்த நாக்டர்ன் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தான். நெட்டிலிருந்து இறக்கி அச்சடித்தது. "இது எந்தப் பதிப்பு?" என்று அந்த அம்மையார் கேட்டபோது இவன் முழித்த அதே பேப்பர். பழைய பதிப்பாசிரியர் யாரோ தன் இஷ்டத்துக்குச் சேர்த்த குறிகளை அவர் பென்சிலால் அடித்துவிட்டிருக்கிறார். ஷோபான் பெடல் குறிகளைத் தானே பார்த்துப் பார்த்துப் போட்டவர். மூலத்தை ஒப்பிட்டுப் போட்ட பதிப்பு வாங்கு, நீல அட்டை போட்ட ஹென்லே மாதிரி, என்று அன்றைக்கே சொன்னாராம். நான் கேட்கவில்லை, கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். முதல் பி ஃப்ளாட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

பையன் சொன்னது இது: "அவங்க சொன்னது எல்லாமே புரிஞ்சுதுப்பா. விரல்தான் கேக்கல. கேசட் ஓடற மாதிரி அது பாட்டுக்கு ஓடுச்சு. நிறுத்தத்தான் முடிஞ்சுது, மாத்த முடியல." அவமானமாக இருந்ததா என்றேன். "அது சாக்ஸுக்கு. வாசிச்சதுக்கு இல்ல."

அப்புறம் நான் சுத்தமாக மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்தினான். இவனுக்கு அடுத்து ஒரு சின்னப் பெண் வந்தாள், பதினொன்று பன்னிரண்டு இருக்கும். அவள் கொண்டுவந்த பீஸ் முழுதாகக் கைவசம் ஆகவில்லை, பேப்பரைப் பார்த்துத்தான் வாசித்தாள். கை விறைப்பாக இருந்ததால் அம்மையார் அவளை முதலில் பி மேஜர் ஸ்கேல் (நம் ஆரோகண அவரோகணம் மாதிரி) வாசிக்கச் சொன்னார். ஐந்து கறுப்புக் கட்டையும் வருகிற ஸ்கேல். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நீளமான விரல்கள் தானாகவே கறுப்பின் மேல் போய் விழும், கை இளகும். ஷோபான் புது மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது சி மேஜர் இல்லை, இதுதான். அந்தப் பெண் அதே இளகிய கையோடு பீஸுக்குத் திரும்பினாள். நாற்பது நிமிடத்தில் பீஸே வேறாக ஆகிவிட்டது, அரங்கத்தில் எல்லோருக்கும் கேட்டது என்கிறான். எனக்கு மட்டும் கேட்கவில்லை. இரண்டு மாதப் பராமரிப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பாள் அம்மா, வேறு எதற்கோ. நான் பையன் கையில் கொடுத்து அனுப்பியது சுட்ட பானை. பரீட்சைச் சூளையில் ஒரு வருடம் வெந்தது. அதில் யார் வந்து என்ன வளைக்க முடியும்? விரலால் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம், இல்லையென்றால் உடைக்கலாம்.

அதனால் முலுண்டு அம்மா, மேடையிலேயே உட்காரட்டும். ஆனால் பச்சையான பீஸோடு. நோட்ஸே தடவுகிற நிலை என்றால் வேண்டாம், அவர் நேரம் நோட்ஸ் திருத்துவதிலேயே போய்விடும். நோட்ஸ் தெரியும், ஆனால் எப்படி வாசிப்பது என்று இன்னும் மனசு முடிவு செய்யவில்லை என்கிற பதத்தில் ஒன்று இருக்கும். டீச்சர் சம்மதிக்க மாட்டார், தன் பெயர் கெடும் என்று பயப்படுவார். எங்கள் டீச்சரும் அப்படித்தான். அவரைக் குற்றம் சொல்லவில்லை, நானே அவருக்கு மேல் பயந்தேன்.

ஜூலை 20

சுருக்கமாகச் சில பதில்கள். முலுண்டு அம்மா: மகள் கைவசம் உள்ள இரண்டில் மோட்சார்ட் பீஸ் சுட்டது, ஷூபர்ட்டின் இம்ப்ராம்ப்டு என்கிற சின்னப் பீஸ் பச்சை என்கிறீர்கள். ஓபஸ் 90இல் இரண்டாவது என்றால் ஷூபர்ட்தான். ஓடுகிற பீஸ் என்பதால் பயப்படாதீர்கள்.

காட்கோபர் அண்ணன்: நம் ஆட்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், லிடியனைக் கேளுங்கள். 2019இல் அமெரிக்க டிவி போட்டியில் இரண்டு பியானோவை இரண்டு கையால் ஒரே நேரத்தில் வாசித்துப் பத்து லட்சம் டாலர் வாங்கிய சென்னைப் பையன். அவனை உதாரணம் காட்டி என் வீட்டில் நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

ஹென்லே எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: தோபி தலாவில் இருக்கிற, 1865இல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் இசைக் கடையில் முதலில் கேளுங்கள். விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இரானி சாயா குடித்தால் கொஞ்சம் தெளியும்.

ஆகஸ்ட் 11

நேற்று போய்விட்டு வந்தேன். பார்வையாளர் கட்டணம் கட்டி, பையனையும் இழுத்துக்கொண்டு. காலையிலிருந்து மழை, ரயில் குர்லாவில் இருபது நிமிடம் நின்றது. முலுண்டு அம்மா முன்வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமியார், பட்டுப்புடவையில்.

மகள் ஷூபர்ட்டைப் பேப்பர் வைத்து வாசித்தாள். நடுவில் பி மைனர் பகுதியில் இரண்டு இடம் தடுமாறினாள், நிற்கவில்லை. இந்தத் தடவை வந்தவர் ஆண், அதிகம் பேசாதவர். வலது கையில் ஓடுகிற அந்த மும்மூன்று ஸ்வரக் கோவையில் ஒவ்வொரு மூன்றிலும் முதல் ஸ்வரத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். ஓட்டமெல்லாம் உதிர்ந்து உள்ளே ஒரு மெட்டு தனியாக நின்றது. அதையே மூன்று விதமாக வாசித்துக்காட்டி, உனக்கு எது என்றார். அவள் யோசித்து நாலாவதாக ஒன்றை வாசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, அப்படியே" என்று பக்கத்தைத் திருப்பினார். எத்தனை பார் தாண்டினார்கள் என்று எண்ணவில்லை.

இடைவேளையில் மாமியார் என்னிடம், "திட்டவே இல்லையே, பணம் வீண்தானே?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

பையன் வரும் வழியில் சயான் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான், பெரும்பாலும் அந்த ஸ்டூலின் குமிழைப் பற்றி.

முலுண்டு அம்மா, உங்கள் நீலக் குடை என் பையனிடம் இருக்கிறது. வியாழக்கிழமை முலுண்டு பக்கம் ஒரு வேலை, ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கா கிழக்கா என்று மட்டும் சொல்லுங்கள்.